ஒரே தடவையில் வந்த படம்

சனிக்கிழமை ஸ்கூலுக்கு அப்பா கட்டாயம் வர வேண்டும் என்று கார்த்திகா சொன்னபோது, என் மனைவி ஷர்மிளா என்னைப் பார்த்தாள். நான் டி.வி.யைப் பார்த்தேன். டி.வி.யில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சோப்பு விளம்பரத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்த மனிதன் ஆவடிப் பக்கம் எங்கள் கோவில்பதாகையிலேயே நானாகத்தான் இருப்பேன்.

ஸ்கூலுக்குப் போய்வருவது ஷர்மிளாவின் இலாகா. பேரண்ட்ஸ் மீட்டிங், ஆண்டு விழா, ரேங்க் கார்டு வாங்குவது எல்லாம் அவள்தான். நான் ஷிப்ட் என்று சொல்லிவிடுவேன். ஷிப்ட் இல்லாத நாளில் ஓவர்டைம் என்பேன். இரண்டும் இல்லையென்றால் வயிறு சரியில்லை. கார்த்திகா இப்போது ஏழாவது படிக்கிறாள். அந்த ஸ்கூல் கேட் வரைக்கும் நான் கடைசியாகப் போனது அவள் யு.கே.ஜி.யில் இருந்தபோது.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறேன். காரின் சீட்டுக்கு அடியில் வருகிற பிராக்கெட்டைத் தகட்டிலிருந்து அடித்து எடுக்கிற இடம். தகட்டை உள்ளே வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு அச்சு இறங்கும். கல்யாணமான புதிதில் ஒருநாள் நான் கையை எடுப்பதற்குள் அது இறங்கிவிட்டது. அதற்கப்புறம் என்னை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். இன்றுவரை பேக்கிங்தான்.

ஷாப்புக்குள் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. என் பக்கத்தில் நிற்கிற மோகனுக்குக் கட்டைவிரலில் பாதி இல்லை. பத்து விரலோடு ஒருத்தன் உள்ளே வந்தால், புதுசா சேர்ந்திருக்கியா என்று கேட்போம். டீ குடிக்கும்போது விரலை வைத்தே ஒருவரையொருவர் ஓட்டிக்கொள்வோம். ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டினால்தான் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போகும். எனக்கு மட்டுமில்லை. சாயங்காலம் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் நின்று பாருங்கள். இத்தனை பேர் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஸ்டைலாக நிற்கிறார்களே என்று தோன்றும். ஸ்டைலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

பேண்ட் தைக்கக் கொடுத்தால் வலது பாக்கெட்டை ஆழமாக வைக்கச் சொல்வேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார மாட்டேன். இடது கையால் சாப்பிட முடியாது. வலது கையால் சாப்பிட்டால் எதிர்வரிசை முழுக்க அவரவர் இலையை விட்டுவிட்டு என் இலையைப் பார்க்கும். மொய் எழுதிவிட்டுப் பட்டினியாக வீட்டுக்கு வந்து, ஷர்மிளாவை ரசம் வைக்கச் சொல்வேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே வைப்பாள்.

கார்த்திகா பிறந்ததே அந்த விபத்துக்குப் பிறகுதான். அவளுக்கு என் கை எப்போதும் அப்படித்தான். கைக்குழந்தையாக இருந்தபோது அந்த மிச்ச விரல்களைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். யு.கே.ஜி.யில் ஒருநாள் அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். கேட்டில் நின்ற வேறொரு குழந்தை என் கையைப் பார்த்து வீறிட்டு அழுதது. அதன் அம்மா என்னிடம் ரொம்ப சாரிங்க என்றாள். அழுததைவிட அந்த சாரிதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்குப் பாக்கெட்டில் போட்ட கையை, என் பெண் பிடிப்பதற்குக்கூட நான் வெளியே எடுக்கவில்லை. அதற்கப்புறம் கடைக்கோ பஸ்ஸுக்கோ கூட்டிப்போனாலும் என் இடது கையில் பை இருக்கும். மற்ற பிள்ளைகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டும்போது, இவள் என் வலது முழங்கையைப் பிடித்துத் தாண்டப் பழகிக்கொண்டாள்.

அவள் படிக்கிற ஸ்கூலில் இந்த வருஷம் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு. நாம் சொல்வதை எழுதிக் கொடுத்தால் படம் போட்டுத் தருகிற, கதை எழுதித் தருகிற ஏ.ஐ.யைப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறார்கள். நடத்துகிறவர் வஹீதா மிஸ். முழுப்பெயர் வஹீதுன்னிசா, பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். நான் அவரைப் பார்த்ததில்லையே தவிர, அவர் என் வீட்டில்தான் குடியிருந்தார். ஏ.ஐ. சொல்றத அப்டியே நம்பக்கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க. அதுகிட்ட வெவரமா சொன்னாத்தான் வெவரமா குடுக்கும்னு மிஸ் சொன்னாங்க. குழம்பில் உப்பு குறைந்தாலும் எங்கள் வீட்டில் அதற்கு மிஸ் ஏதாவது சொல்லியிருப்பார்.

அந்த மிஸ்தான் இந்தச் சனிக்கிழமை கண்காட்சிக்கும் காரணம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் ஒருவருடைய வேலையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைத் தமிழில் விவரித்து, கம்ப்யூட்டரைப் படம் போடவைக்க வேண்டும். வந்த படம் உண்மையைப் போல இல்லையென்றால் திரும்பத் திரும்பச் சொல்லித் திருத்த வேண்டும். எப்படித் திருத்தினேன் என்று எல்லாப் பெற்றோருக்கும் முன்னால் மைக்கில் சொல்ல வேண்டும். ஷர்மிளா ஆவடியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறாள். அவளையே போட்டிருக்கலாம், சுத்தமான வேலை. கார்த்திகா என்னைத் தேர்ந்தெடுத்தாள்.

அந்த வாரம் முழுக்கக் கேள்விதான். பிரஸ் எவ்வளவு உயரம், என்ன நிறம், தரையில் என்ன கிடக்கும், வெளிச்சம் எங்கிருந்து வரும். சத்தம் எப்படி இருக்கும் என்றுகூடக் கேட்டாள். படத்துக்குச் சத்தம் எதற்குடி என்றேன். சத்தம் எப்படி என்று தெரிந்தால்தானே நீ எப்படி நிற்பாய் என்று சொல்ல முடியும் என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி வீட்டில் யாரும் இவ்வளவு கேட்டதில்லை. நானும் ஏதோ பெரிய எஞ்சினியர் மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டு பதில் சொன்னேன்.

புதன்கிழமை சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். வீட்டில் என் கை பாக்கெட்டுக்கு வெளியே இருக்கிற நேரம் அது ஒன்றுதான், அவளுக்கு அது தெரியும். அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"அப்பா, உன் கைய ஒரு போட்டோ எடுத்துக்கட்டா?"

"எதுக்கு?"

"கம்ப்யூட்டர்ல காட்டணும்ப்பா. மிஸ் எடுத்துகினு வரச் சொன்னாங்க."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததென்று தெரியவில்லை. தட்டைத் தள்ளிவிட்டேன். சாம்பார் பாயில் கொட்டியது.

"இன்னா, சர்க்கஸ் காட்டப் போறியா? ஒங்கப்பன் மொண்டிக் கையக் காட்டி ஸ்கூல்ல கைதட்டு வாங்கணுமா ஒனக்கு?"

அவள் போனைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். வேணாம்ப்பா, எடுக்கல என்று மட்டும் சொன்னாள். பிறகு துணி கொண்டுவந்து பாயைத் துடைத்தாள். ஷர்மிளா சமையலறையிலிருந்து வந்து நின்று, குழந்தைகிட்ட ஏன் இப்படி எகிறுகிறாய் என்று கேட்டாள். நான் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டேன். தெருமுனை டீக்கடையில் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் கேள்விகள் நின்றுவிட்டன. பிரஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மிஸ்கூட ஒன்றும் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும்போது கார்த்திகா தன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "நாளிக்கு வரலைன்னாலும் பரவால்லப்பா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். நிஜமாகவே பரவாயில்லை என்கிற மாதிரி சொன்னாள். அன்றைக்கு பேக்கிங்கில் இரண்டு பெட்டிக்கு லேபிளை மாற்றி ஒட்டி சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் போகிறேன் என்று சொன்னதும் ஷர்மிளா என் நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். அவள் ஸ்கூட்டியை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் என் கவலை ஒன்றுதான். அந்தப் படத்தில் என் கையை என்ன செய்திருப்பாள்? உள்ளபடியே காட்டியிருந்தால் ஸ்கூல் மொத்தமும் பார்க்கும். முழுக்கையாகப் போட்டிருந்தால் என் பெண் என்னை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று அர்த்தம். எது நடந்தாலும் நான் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றாக வேண்டும். சிக்னலில் வண்டி நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஸ்கூல் ஹாலில் சுவரோரமாகச் சார்ட் ஒட்டி, அதன்மேல் படங்களை வைத்திருந்தார்கள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எல்லா அப்பாவும் ஒரே ஜிம்முக்குப் போய்வந்த மாதிரி இருந்தார்கள். எல்லா அம்மாவுக்கும் சீரியல் நடிகை முகம். கரையான்சாவடியில் பழக்கடை வைத்திருப்பவருக்கு ஆப்பிளும் ஸ்ட்ராபெரியுமாகக் கம்ப்யூட்டர் குவித்து வைத்திருந்தது, வாழைத்தாரையே காணோம். கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் மாதிரி ஏதோ நெளிந்தது, எந்த ஊர்த் தமிழனாலும் படிக்க முடியாது. ஆவடியில் ராணுவ டேங்க் செய்கிற ஃபேக்டரி கேன்டீனில் சமையல் செய்கிற கலியமூர்த்தியை ஒரு டேங்கின் மேலேயே ஏற்றிவிட்டிருந்தது. உயரமான வெள்ளைத் தொப்பி, கையில் கரண்டி, பின்னால் குண்டு வெடிக்கிற புகை. ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்காரர்கள் மொத்தப்பேரும் அதைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். கலியமூர்த்தி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடுவில் நின்றார். அவர் பையன் ஸ்ரீகாந்த் பக்கத்தில் நின்று, இது ஆறாவது தடவை, முதல் தடவை அப்பா டேங்குக்குள்ளேயே சாம்பார் வைத்தார் என்று எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருந்தான்.

கார்த்திகாவின் படம் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. பிரஸ் பச்சை நிறத்தில் நின்றது, நான் சொன்ன அதே பச்சை. தரையில் தகட்டுத் துண்டுகள் கிடந்தன. வெளிச்சம் மட்டும் கொஞ்சம் அதிகம். எங்கள் ஷாப்பில் அவ்வளவு லைட் எரிந்தால் யாரோ பெரிய ஆபீசர் வருகிறார் என்று அர்த்தம். பிரஸ்ஸுக்கு முன்னால் நீலச் சட்டையில் ஒரு மனிதன். மற்ற அப்பாக்களைப் போல ஜிம் உடம்பு இல்லை. லேசாகத் தொப்பை, முன்தலையில் வழுக்கை. இடது கையை மெஷின்மேல் வைத்திருந்தான். வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. உண்மையையும் மாற்றாமல், என்னையும் காட்டிக்கொடுக்காமல் எவ்வளவு அழகாகச் சமாளித்திருக்கிறாள். கெட்டிக்காரி, என் ரத்தம் என்று நினைத்தேன். புதன்கிழமை நான் கத்தியதும் நல்லதுக்குத்தான் ஆயிற்று என்றுகூட நினைத்தேன். அதை இப்போது எழுதவே கூசுகிறது.

கலியமூர்த்தி அந்தப் பக்கம் வந்து படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "உன்ன மாதிரியே கீது அண்ணாத்தே. அதே ஸ்டைலு" என்றார். நான் சிரித்துக்கொண்டே படத்துக்குப் பக்கத்தில் அதே மாதிரி நின்று காட்டினேன். ஷர்மிளா மட்டும் சிரிக்கவில்லை. அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்லோரையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை, ஜன்னலோரமாகப் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். மேடையில் வெள்ளைத் திரை. வஹீதா மிஸ் நான் நினைத்ததைவிடச் சின்ன வயது, பச்சைத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு லேப்டாப்பின் முன்னால் இருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, என்ன எழுதினோம், என்ன படம் வந்தது, எங்கே தப்பு, எப்படித் திருத்தினோம் என்று வரிசையாகத் திரையில் காட்டினார்கள். திருத்துவதற்கு முந்தைய படங்களையும் காட்டுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கார்த்திகாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். முதலில் மனப்பாடம் செய்த தமிழ். என் தந்தை அம்பத்தூரில் பணிபுரிகிறார், கார்களுக்கான உதிரிபாகங்கள் செய்கிறார் என்றெல்லாம் சொன்னாள். திரையில் அவள் எழுதிக்கொடுத்த வரிகள் வந்தன. பிரஸ்ஸின் பச்சை, தகட்டுத் துண்டு, நீலச் சட்டை எல்லாம் இருந்தன. கடைசி வரி: என் அப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

ஹால் முழுக்க அந்த வரி. பெரிய எழுத்தில்.

பாக்கெட்டுக்குள் இருந்த கை வியர்த்தது. திரையில் அதற்கு வந்த படத்தைக் காட்டினாள். மெஷின் முன்னால் நின்ற மனிதன் இரண்டு கையிலும் முழு விரல்களோடு கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தான். இதில் விரல் எல்லாம் சரியா இருக்கு, அதனால் இது தப்பு என்றாள் கார்த்திகா.

மறுபடி எழுதியிருக்கிறாள். இரண்டு விரல் இல்லை, இல்லை என்று இரண்டு தடவை போட்டு எழுதியிருக்கிறாள். அதற்கு ஆறு விரலோடு ஒரு கை வந்தது. ஹாலே சிரித்தது. அவளும் சிரித்தாள். எனக்குத்தான் முதுகில் யாரோ ஈரத்துணியைப் போட்ட மாதிரி இருந்தது. மூன்று விரல்தான் இருக்கும் என்று மாற்றி எழுதினால், அந்த மனிதன் மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு மூன்று விரலை உயர்த்திக் காட்டினான். கண்டக்டர்கிட்ட மூணு டிக்கெட் கேக்கிற மாதிரி இருக்கு என்றாள். மறுபடியும் சிரிப்பு. மெஷினில் மாட்டி விரல் போய்விட்டது என்று எழுதினால், கை முழுக்கக் கட்டுப்போட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருவன் அழுதுகொண்டிருந்தான்.

"இது எங்க அப்பா இல்ல. எங்க அப்பாக்கு இப்ப வலி இல்ல. நல்லாதான் கீறாரு" என்றாள். மனப்பாடத் தமிழ் போய்விட்டது.

அப்போது வஹீதா மிஸ் மைக்கை வாங்கினார். இதுவரைக்கும் மனிதர்கள் எடுத்துப் போட்ட படங்களைப் பார்த்துத்தான் இந்த ஏ.ஐ. கற்றுக்கொண்டிருக்கிறது, அதனால் நாம் காட்டாதது அதற்குத் தெரியாது என்று பெற்றோருக்கு விளக்கினார். பிறகு சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார்.

"இந்த மாதிரி கைய யாரும் படம் எடுத்துப் போடறதில்ல போலிருக்கு. அதான் அதுக்கு வரைய வரல. கார்த்திகா எழுதினதுல தப்பே இல்ல."

யாரையும் குத்திக்காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு எஸ்டேட் பஸ் ஸ்டாப் கண்ணுக்கு முன்னால் வந்தது. மோகன், நான், எங்கள் ஷெட், பக்கத்து ஷெட், அதற்குப் பக்கத்து ஷெட். உலகத்திலுள்ள படத்தையெல்லாம் பார்த்த மெஷினுக்கு எங்களைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கேட்டைத் தாண்டியதும் எல்லோரும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டோம்.

வீட்டிலிருந்து ஒரு போட்டோ கொண்டுவந்தால் அதைக் காட்டித் திருத்தலாம் என்று தான் சொன்னதாக மிஸ் சொன்னார். சொல்லிவிட்டு, ஏன் கொண்டுவரவில்லை என்பதையும் சொல்லிவிடு என்று மைக்கைக் கார்த்திகாவிடம் கொடுத்தார். பிள்ளைகள் எல்லோரும் எங்கே முடியாமல் போனது என்பதையும் சொல்ல வேண்டும், அது அந்த வகுப்பின் வழக்கம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்தாள்.

"அம்மா போன்ல சார்ஜ் இல்ல மிஸ். அதான் எடுக்க முடியல."

ஷர்மிளா நாற்காலியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அவள் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஒரு ஏழாவது படிக்கிற பெண், அவள் அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற, அவளுக்கு ரொம்பப் பிடித்த மிஸ்ஸிடம் பொய் சொல்கிறாள். அந்த அப்பா கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். சீ என்று இருந்தது. நான் பிரஸ்ஸில் கையைக் கொடுத்த அன்றைக்குக்கூட என்மேல் எனக்கு இவ்வளவு அருவருப்பு வரவில்லை.

"அப்புறம் நான் இப்டி எழுதினேன்" என்றாள் கார்த்திகா. திரையில் கடைசி வரி மாறியது. என் அப்பா வலது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

சுவரில் இருந்த படம் திரையில் வந்தது. நீலச் சட்டை, லேசான தொப்பை, பாக்கெட்டில் கை.

"இது மட்டும் ஒரே தடவைல வந்திச்சு. எங்க அப்பா எப்பவும் இப்டித்தான் நிப்பாரு."

கைதட்டினார்கள். கலியமூர்த்தி எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார். கைதட்டு வாங்கணுமா ஒனக்கு என்று நான்தான் கேட்டிருந்தேன். வாங்கிவிட்டாள். தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி, திரையில் இருந்தவனைச் சுவரோரம் தேடின. தேட வேண்டிய கஷ்டமே இல்லை. அதே நீலச் சட்டையில், அதே மாதிரி, அதே படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நான் ஒளித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. என் பெண்ணுக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது. அவளுக்குத் தெரிந்த அப்பாவை அவள் உள்ளபடியேதான் எழுதியிருக்கிறாள். சமாளித்தாள், காப்பாற்றினாள் என்று நான் குளிர்ந்துபோனதெல்லாம் என் நினைப்பு.

எத்தனையோ வருஷமாக இந்தக் கைக்காக வெட்கப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தப் பாக்கெட்டுக்காக வெட்கப்பட்டேன்.

எல்லாப் பிள்ளைகளும் பேசி முடித்ததும், வஹீதா மிஸ் போனை எடுத்துக்கொண்டு சுவரோரமாக வந்தார். ஒவ்வொரு பிள்ளையையும் அப்பாவோடு, அல்லது அம்மாவோடு, அவரவர் படத்துக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார். எங்கள் முறை வந்தது. கார்த்திகா ஓடிவந்தாள். அப்பா, நல்லா பேசினேனா என்று கேட்டாள். நல்லா பேசின என்றேன். வந்துட்டியேப்பா என்று சொல்லிச் சிரித்தாள். புதன்கிழமை நடந்தது எதுவும் அந்த முகத்தில் இல்லை. மன்னித்துவிட்டாளா, அப்பா என்றால் இப்படித்தான் என்று விட்டுவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதாகத்தான் இருக்கும்.

மிஸ் போனைத் தூக்கிப் பிடித்தார். சார், கொஞ்சம் இந்தப் பக்கம், வெளிச்சம் பாத்து நில்லுங்க என்றார்.

நான் கையை வெளியே எடுத்தேன். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆழமாகத் தைத்த பாக்கெட், வியர்த்துப்போன கை, துணியும் கூடவே வெளியே வந்து தொங்கியது. அதை உள்ளே தள்ளிவிட்டு, கையைத் தொடையோரமாகத் தொங்கவிட்டேன். ஜன்னல் வெயில் அதன்மேல் நேராக விழுந்தது. இத்தனை பேருக்கு நடுவில் அந்தக் கை காற்றில் இருப்பது எனக்கே புதிதாக இருந்தது. கலியமூர்த்தி பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி ஸ்ரீகாந்தின் சட்டைக் காலரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். வஹீதா மிஸ் ஒரு நொடி போனைத் தாழ்த்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் உயர்த்தினார்.

"அப்பா கையப் பிடிச்சுக்கோ கார்த்திகா" என்றார்.

கார்த்திகா என் வலது பக்கம் நெருங்கி நின்றாள். கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. நான் விரல்களைக் கொஞ்சம் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் கை மேலே வந்து, வழக்கம்போல என் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.